சின்னவன் பெயரில் ஒரு தங்கப் பதக்கம்

ஜூன் 4

அன்புள்ளவளுக்கு,

நலம். மகளும் பேத்தியும் நலமா? நீ அங்கே போனதிலிருந்து சமையல் என்ற பெயரில் நான் செய்வதை எதிரிக்குக்கூடப் பரிமாற மனம் வராது.

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நம் சின்னவன் நினைவு அறக்கட்டளை பதிவாகிவிட்டது. அவன் படித்த பள்ளியிலேயே, ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம். அழைப்பிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையால் கொடுத்தால்தான் எனக்கு நிறைவு. வந்துவிடு.

உன் கணவன்

ஜூன் 13

என்னங்க,

பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இல்லை. போனில் பேசினால் மகள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

அழைப்பிதழ் பார்த்தேன். ‘படிப்பில் என்றும் முதலிடம் பிடித்த எங்கள் செல்வன்’ என்று போட்டிருக்கிறீர்கள். யாருங்க அந்தப் பிள்ளை? நான் பெற்றவன் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். கணக்குப் பரீட்சை என்றால் அவனுக்கு வயிற்றுவலி தப்பாமல் வரும். ரிசல்ட் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுவாரோ என்று நீங்கள் வாசல் பக்கமே போகமாட்டீர்கள்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று. கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, அப்பாகிட்ட சொல்லிடு. இந்தத் தடவை நான் பரீட்சையே எழுதல. அதனால ஃபெயில் இல்ல.”

போன பிறகுமா அவனைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்? நான் வரவில்லை.

உங்கள் மனைவி

ஜூலை 2

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. ஊரையே அழைத்தாயிற்று, விழாவை நிறுத்தவும் துணிவில்லை. பேசாமல் மேடையில் போய் உட்கார்ந்தேன்.

பதக்கம் வாங்கிய பெண் மைக்கைப் பிடித்து, “அந்த அண்ணா மாதிரியே நானும் எப்பவும் ஃபர்ஸ்ட் மார்க் வாங்குவேன்” என்றாள். பின்வரிசையில் சின்னவனோடு படித்த பையன்கள் இருந்தார்கள். ஒருவன் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். முன்வரிசையில் கணக்கு வாத்தியார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

எழுந்து மைக்கை வாங்கினேன். “இல்லம்மா. என் மகன் ஃபெயிலானவன். அதுக்காக நான் அவன்கிட்ட மாசக்கணக்கா முகம்கொடுத்துப் பேசல. அழைப்பிதழ்ல போட்டது பொய்.”

பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு செய்துவிட்டவள்போல் பதக்கத்தைக் கழற்றி என்னிடமே நீட்டினாள். “ஐயோ, இது நீ படிச்சு வாங்கினதும்மா” என்று திரும்பப் போட்டுவிட்டேன். நாடா அவள் பின்னலில் சிக்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டிலிருந்து பதக்கம் இல்லை. ஃபெயிலான பிள்ளைகள் மறுபடி எழுதுவதற்குக் கட்டணம், மாலையில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். “ஃபெயிலானவங்க யாரு சார் மேடைக்கு வருவாங்க?” என்றார் தலைமையாசிரியர். மேடையே வேண்டாம் என்றேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. உன்னிடம் கேட்கலாமா?

உன் கணவன்

ஜூலை 10

என்னங்க,

என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் புது டீச்சர் எல்லார் முன்னாலும் அவன் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, “இந்தப் பையனோட அம்மா யாரு?” என்றார். சுற்றிலும் அத்தனை முகங்கள். நான் எழுந்து, “அவங்க வரல, நான் அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

அவன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு டீச்சரிடம், “ஆமா டீச்சர், அத்தைதான்” என்றான். வீடு வரும்வரை “அத்தே, அத்தே” என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். நானும் சிரித்தேன்.

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள்; ஒன்றும் கேட்காமல் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவன் அம்மா