உன் பெட்டியின் கடைசி வரிசை

பாசத்துக்கும் பகிடிக்கும் உரிய என் நேசன் மச்சானுக்கு,

உன் ஆண்டுத் திவச மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் மனைவி சாந்தியக்கா கேட்டார். ஓ.எல். சோதனையில் தமிழை இரண்டாம் தரம் எடுத்து, மயிரிழையில் பாஸ் பண்ணியவனிடம் கேட்டால் என்ன வரும்? மற்றவர்கள் உன்னை ஆலமரம், கலங்கரை விளக்கம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நீ என் மனைவி வாணியின் தமையன். கிரவீன் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாத கராஜ் வைத்திருந்தவன். வேலையில் நான் ஓட்டுகிற பாரம் தூக்கும் வண்டியின் பெயரையே எனக்கு வைத்து, இருபது வருடமாக என்னை ‘ஃபோர்க்லிஃப்ட்’ என்று கூப்பிட்டவன்.

அதனால் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் மகள், உன் மருமகள் ஆரணி நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீ அங்கேயும் நித்திரை கொள்ளமாட்டாய்.

நீயும் அவளும் ஒன்றாகத் துப்பாக்கி உரிமம் எடுத்து, தூரச் சுடும் போட்டிக்குப் போகத் தொடங்கியபோது நான் எவ்வளவு நக்கல் அடித்தேன் என்று உனக்குத் தெரியும். நக்கலுக்குள் இருந்தது பயம். ஊரில் துவக்கு எப்போதும் மற்றவன் கையில்தான் இருந்தது. அதன் வாய் எங்கள் பக்கம் பார்த்திருந்தது. இங்கே என் பிள்ளை, அதுவும் பிசியோதெரபி படித்த பிள்ளை, காசு கட்டி அதைத் தோளில் வைக்கிறாள். முதல் தடவை பார்க்க வந்த அன்று ஞாபகம் இருக்கிறதா? குழல் நுனியில் பூட்டுகிற பிரேக், துவக்குத் தோளில் உதைக்கிற உதைப்பைக் குறைக்குமாம். குறைத்த உதைப்பையெல்லாம் சத்தமாக்கிப் பக்கத்தில் நிற்பவனுக்கு அனுப்புமென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வெடிக்கே, சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் படுத்துவிட்டேன். “மச்சான், ரோல்ஸ் உயிரோட இருக்கோ?” என்று நீ கேட்டாய்.

நீ போன பிறகு அவள் தனியே போனாள். நானும் சாரதி என்ற பெயரில் ஒட்டிக்கொண்டேன். இந்த வருடம் நன்றாக ஏறி வந்துவிட்டாள், மச்சான். பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றாள். அப்போதுதான் எனக்கு எங்கள் ஆட்களின் வருத்தம் தொற்றியது. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிற செலக்டிவ் பள்ளிக்கூடச் சோதனைக்கு முன்னால் என்ன செய்வோம்? முதலாவதாக வந்த பிள்ளை எந்த ரியூசன், எந்தப் புத்தகம் என்று பூங்காவிலும் கோயிலிலும் விசாரிப்போமே, அதே வேலைதான். முதல் வரிசையில் நிற்கிறவர்கள் என்னென்ன பாவிக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

யூரியூப்பில் அவர்கள் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறார்கள். பெரிய ரவையை விட்டுவிட்டுச் சின்ன ஆறு மில்லிமீற்றர் ரவைக்கு வந்துவிட்டார்கள். உதைப்புக் குறைவு, இலக்குத் தட்டில் பட்டதைத் தாங்களே துவக்குக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கலாம். துவக்கு மட்டும் பாரம். வேண்டுமென்றே இரும்பு பூட்டிப் பாரமாக்குகிறார்கள். தடித்த குழல், தேய்ந்தால் யோசிக்காமல் மாற்றுகிறார்கள். கீழே வைக்க மண் நிரப்பின ஒரு பை. கண்ணாடியிலும் விசையிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நான் அட்டவணை போட்டு, கலர்ப் பேனையால் கோடிட்டு, ஆரணியிடம் நீட்டினேன்.

“அப்பா, இதில முக்கால்வாசி என்னட்ட இருக்கு.”

“மிச்சக் காலுக்குத்தான் பிள்ளை கோடு போட்டனான்.”

“ஸ்டாப் இற், அப்பா. எனக்கு மாமாட ரவை இருக்கு. அது போதும்.”

நீ செத்துப்போவதற்கு முன்னம், வெறும் கோதுகளுக்குள் வெடிமருந்து போட்டு அவளுக்காக நிரப்பிவைத்த ஐம்பது ரவைப் பெட்டி, பத்துப் பத்தாக ஐந்து வரிசை. மூடியில் உன் கையெழுத்தில், ‘ஆரணி, பெரிய போட்டிக்கு’. பொலிசுக்கும் கடைக்கும் உன் துவக்குகளை ஒப்படைத்தபோது, உரிமம் உள்ளவள் என்பதால் அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். போன மாதம் பயிற்சியில் முதல் வரிசை பத்தையும் அடித்துப் பார்த்தாளாம். எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போனதாம். சொல்லும்போது கண் கலங்கினாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை நான் இன்னொரு வீடியோ பார்த்தேன். முன்னணியில் நிற்கும் ஒரு பெண், தான் ரவை நிரப்பும் மேசையைக் காட்டினாள். மேசையில் ஒரே ஒரு வெடிமருந்து டின். “ஒரு நேரத்தில் ஒன்றுதான் மேசைக்கு வரும். மிஞ்சின மருந்தை வேறு வகை மருந்து டின்னுக்குள் ஊற்றிக் கலந்துவிட்டால், அது துவக்கு இல்லை, முகத்துக்குப் பக்கத்தில் வைத்த குண்டு” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, “வேறு ஆள் நிரப்பினதை நான் சுடமாட்டேன், அது என் அம்மாவாக இருந்தாலும்” என்றாள்.

கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். குழல் வேறு, கண்ணாடி வேறு, விசை வேறு. இந்த ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒன்று. சிலர் கடையில் வாங்குகிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் தாங்களே நிரப்புகிறார்கள். ‘மாமா நிரப்பினது’ என்று எவரிடமும் இல்லை.

போன வருடம், நீ போவதற்கு மூன்று கிழமை முன்னம், வாணி தந்துவிட்ட நண்டுக் கறியோடு நான் உன் கராஜுக்கு வந்தேனே. உன் மேசையில் இரண்டு டின் இருந்தன. நீ தராசுத் தட்டில் மிஞ்சின மருந்தை ஒரு டின்னுக்குள் ஊற்றினாய். பிறகு டின்னைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, லேபிளை வாசிக்கப் பார்த்தாய். வாசிக்க முடியவில்லை. கை வேறு நடுங்கியது.

“என்ன மச்சான், கண் தெரியேல்லையோ?”

“கொஞ்ச நாளா ஒரு மாதிரித்தான். ஆரணிக்குச் சொல்லிப்போடாதை. சொன்னா என்னை இந்த மேசைக்குக் கிட்ட விடாள்.”

“அப்ப நீ டாக்குத்தரிட்டப் போவன்.”

“போறன் போறன். நீ முதல்ல வாக்குத் தா.”

தந்தேன். எனக்கு என்ன தெரியும்? தேயிலைத் தூளுக்குள் கொஞ்சம் கோப்பித் தூள் விழுந்த மாதிரி என்றுதான் நினைத்தேன். நண்டுக் கறியைக் குசினியில் வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று வந்துவிட்டேன்.

வியாழன் இரவு முழுக்க இது என் தலைக்குள் சுற்றியது. நான் அன்று பார்த்தது இந்தப் பெட்டிக்கு ஊற்றின மருந்தா, வேறு எதற்கும் ஊற்றினதா? அவள் அடித்த பத்தும் நன்றாகத்தானே போனது? செத்த மனுசனுக்குக் கொடுத்த வாக்கு. உன்னைத் தெய்வமாக வைத்திருக்கிற பிள்ளை. நானோ துவக்குச் சத்தத்துக்கு நிலத்தில் படுக்கிறவன். என் சொல்லை யார் எடுப்பார்கள்? இப்படி ஆயிரம் சாட்டுக் கண்டுபிடித்தேன். வெள்ளி சொல்லவில்லை. சனி சொல்லவில்லை. ஞாயிறு காலை வாணி துவக்குப் பெட்டிப் பூட்டில் திருநீறு பூசும்போதுகூடப் பக்கத்தில் நின்றேன். மலைகளைத் தாண்டி இரண்டரை மணித்தியாலம் காரோட்டினேன். வாயைத் திறந்தேன், “பாட்டுப் போடவோ பிள்ளை?” என்று கேட்டேன். இப்படி ஒரு கோழையைத்தான் உன் தங்கச்சிக்குக் கட்டிவைத்தீர்கள்.

அவள் காலையிலிருந்து தான் நிரப்பின ரவையில்தான் சுட்டாள். கடைசிச் சுற்றுக்கு முன் மூன்றாம் இடம், மச்சான்! பிறகு அந்தச் சுற்றுக்கென்றே வைத்திருந்த உன் பெட்டியைத் திறந்தாள். இரண்டாம் வரிசையிலிருந்து பத்து எடுத்து மகசீனுக்குள் போட்டாள். “திஸ் வன்ஸ் ஃபோர் மாமா” என்று எனக்குப் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

சுடும் கோட்டுக்குப் பின்னால், காதுக்கவசத்தோடு நின்று எண்ணினேன். ஒன்று. தூரத்தில் தட்டு கிணீரென்றது. இரண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அவள் கன்னம் அந்த இரும்பிலிருந்து எத்தனை அங்குலம் என்றுதான் பார்த்தேன். மூன்று. நான்கு. சின்ன வயதில் அவளுக்குத் தடுப்பூசி போடும்போதும் நான்தான் அழுதேன். ஐந்து. ஆறு.

“சீஸ் ஃபயர்!”

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான். அங்கே அந்தச் சொல்லை யாரும் சொல்லலாம், சொன்னால் எல்லாரும் நிறுத்தவேண்டும் என்று நீதான் ஒருமுறை சொல்லித் தந்தாய். எல்லாத் துவக்கும் நின்றது. பொறுப்பாளர், தாடி வைத்த நெட்டை மனுசன், ஓடி வந்தார்.

“ஹூ கோல்ட் இற்?”

“மீ, சேர். மை டோட்டர். த புல்லட்ஸ்... நொட் ஷுவர். ப்ளீஸ்.”

ஆரணி துவக்கை வெறுமையாக்கிக் காட்டிவிட்டு எழும்பினாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். “அப்பா, வாட் ஹாவ் யூ டன்?” தமிழும் இங்கிலிசும் கலந்து, நாலு சனத்துக்கு முன்னால், உன் கண், உன் கை, அந்த இரண்டு டின், எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மனுசன் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்து, “குட் கோல், மேற்”, நிறுத்தினது நல்லது, என்றார். அவள் தன் சொந்த ரவையில் திரும்பச் சுடலாம் என்று சொன்னார். அவள் மகசீனில் மிஞ்சின நாலையும் எடுத்து உன் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். “நோ, ஐம் டன்” என்றாள். மூன்றாம் இடம் போனது.

டூங்கபியில் எங்கள் வீடு வரும்வரை நான் பாட்டுப் போடவில்லை.

திங்கட்கிழமை வேலையால் வந்து, மிஞ்சின முப்பத்துநாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனி வெள்ளைக் கடதாசியில் கொட்டினாள். நான் கதவு நிலையில் நின்றேன். மகசீனிலிருந்து எடுத்த நாலு, சரி. மூன்றாம் வரிசை, சரி. நாலாம் வரிசை, சரி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ‘வீணாகக் கத்தி என் போட்டியைக் கெடுத்தீர்கள்’ என்பது எழுதியிருந்தது. எனக்கோ, மச்சான், அவமானமும் சந்தோசமும் ஒன்றாக வந்தது. நீ பிழைவிடவில்லை.

கடைசி வரிசை. முதல் மூன்றும் சரி. நாலாவதைக் கொட்டினாள். உடைந்த பென்சில் கூர் போலக் குச்சி குச்சியான மருந்துக்கிடையில், சின்னச் சின்ன உருண்டையாக வேறொரு மருந்து கலந்து கிடந்தது. ஐந்தாவதிலும். கடைசி வரைக்கும். ஏழு ரவை.

நண்டுக் கறியோடு நான் வந்துபோன பிறகு நிரப்பின ஏழு. அவள் சுட்ட ஆறும், நான் நிறுத்தின நாலும் நல்ல ரவை. கத்தாமல் இருந்திருந்தால் அன்று ஒன்றும் நடந்திருக்காது. மிச்சத்தை அவள் அடுத்த போட்டிக்கு வைத்திருப்பாள். அதற்கடுத்ததுக்கு. ஒரு நாள் கடைசி வரிசைக்கு வந்திருப்பாள். அன்றும் நான் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அவள் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

“மாமாக்குத் தெரியுமா?”

“தெரியேல்ல பிள்ளை.”

“உங்களுக்குத் தெரியும்தானே. வை டிட்ன்ற் யூ டெல் மீ?”

“வாக்குக் கொடுத்திட்டன். பிறகு... பயம்.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

அவள் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு அழுதாள். உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான்தான் கேட்கிறேன். அந்த லேபிளை வாசிக்க முடியாமல் போன பிறகும் ஏன் கதிரையை விட்டு எழும்பவில்லை? என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அது பகிடியா, பயமா? உனக்கும் என்னைப் போலத்தான் இருந்ததா? நான் அன்று கறிச்சட்டியை வைத்துவிட்டு ஓடாமல், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “காட்டு பாப்பம், நான் வாசிக்கிறன்” என்று சொல்லியிருந்தால்?

சாந்தியக்கா இதை வாசித்துவிட்டு, “அவர் எனக்கும் மறைச்சவர். போடுங்கோ” என்றார். அதனால்தான் இது மலரில் வருகிறது. உனக்குத் தந்த வாக்கை நூற்றைம்பது பேருக்கு முன்னால் உடைக்கிறேன். கோபம் என்றால் கனவில் வந்து திட்டு.

இனி ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஆரணி அடுத்த மாதம் திரும்பவும் போகிறாள், தானே நிரப்பின ரவையோடு. நானும் போவேன். என் பயம் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் எனக்கு ஏதும் பிழையாகத் தெரிந்தால், என் கண்ணே மங்கினாலும், காரிலிருந்து இறங்க முன்னம் அவளிடம் சொல்வேன். பகிடி விடாமல் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியவனும், உன் மருமகளைப் பெற்றவனும், ஒரு வருடம் பிந்தி வாய் திறந்தவனுமான உன் மச்சான்,
தவராசா