அவள் தலையணையிலிருந்து பார்த்த சன்னல்

03-03-2026, செவ்வாய், காலை 6.40
என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இன்றோடு இருபத்தேழு நாள் (விழுந்தது 05-02). எலும்பு கூடிவருகிறது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள். தானாக எழுந்து உட்கார முயலாவிட்டால் நடை திரும்பாது என்கிறார் பயிற்சி தர வரும் பெண்.

“உக்காந்து என்னத்தப் பாக்கப் போறேன்?” என்கிறாள் இவள்.

கொசுவுக்குப் பயந்து இந்த மாடி அறைச் சன்னலைச் சாத்தி வைத்திருப்பவன் நான்தான். ஆகவே, வலை அடிப்பதென்று தீர்மானம்.

05-03, வியாழன்
வலை அடிப்பவர் மூன்று மாதிரித் துண்டுகள் கொண்டுவந்தார்: எஃகு, அலுமினியம், கறுப்பு ஃபைபர். மூன்றையும் இழுத்தும், கிள்ளியும், நனைத்தும் பார்த்தேன்.

“சார், வலை அடிக்கப் போறோமா, பரீட்சை வெக்கப் போறோமா?”

ஃபைபர் ஏழெட்டு வருடம். எஃகு இருபதுக்கு மேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எஃகு.

09-03, திங்கள்
எஃகு வலை அடித்தாயிற்று. சன்னலைத் திறந்தேன். ஒரு கொசுவும் நுழையவில்லை. இவளும் திரும்பவில்லை.

10-03, செவ்வாய்
“காத்து வருதில்ல?”

“வருது. வெள்ளத் துணி தொங்கவிட்ட மாதிரி இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. சன்னலருகே நின்று பார்த்தேன். எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது.

11-03, புதன், காலை 7.15
பயிற்சிக்காக இவளைச் சக்கர நாற்காலியில் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இவள் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கம்பியெல்லாம் வெயில் பட்டுப் பளபளக்கிறது. வானம், மரம், எதிர்வீட்டு மாடி — ஒன்றுமே இல்லை! கிள்ளிப் பார்த்தேன், நனைத்துப் பார்த்தேன். அவ தலையணையில தலை வெச்சு ஒரு தடவ பாத்தேனா? என்ன மனுஷன் நான்?

12-03, வியாழன்
கறுப்பு ஃபைபருக்கு மாற்றச் சொன்னேன்.

“சார், ஏழெட்டு வருஷம் போதாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எனக்கு எண்பத்திரண்டு. போதும்.”

14-03, சனி
மாற்றியாயிற்று. இவளைக் கட்டிலுக்குக் கொண்டுவருமுன் இந்தத் தடவை நானே படுத்துப் பார்த்தேன்: வானம், மரம், எதிர்வீட்டு மாடி, எல்லாம் தெரிகிறது. “எதிர்வீட்ல மாடிக்கு வேற வண்ணம் அடிச்சிருக்காங்களே!” என்றாள். படுத்தபடிதான், ஆனால் சன்னல் பக்கம்.

16-03, திங்கள், காலை 9.50
மருந்து வாங்கித் திரும்பி, கேட்டைத் திறந்தேன். மாடியிலிருந்து குரல்:

“ஏங்க! பொத்தான மாத்திப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வர்றீங்களா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. இவள் கட்டிலில் படுத்திருந்தால் கேட் தெரியாது; நான் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

பொத்தானைச் சரிசெய்யாமலே மாடியேறினேன்.