மூன்றேகால் அங்குலம்

முருகன் துணை
உத்திரமேரூர் வழி
12-7-1979

அன்புள்ள மாமாவுக்கு,

பவளம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட வேண்டாம். பொங்கல் முடிந்து நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து ஆறு மாதமாகக் கட்டின பெண்டாட்டிக்கென்று ஒரு வரி இல்லை. அத்தைக்கு மட்டும் மாதம் தவறாமல் கார்டு வருகிறது. அதைப் படித்துக் காட்டுகிறவள் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். 'பவளம் சௌக்கியமா' என்று ஒரு வார்த்தை அதில் இருந்திருந்தால், நானே சத்தமாகப் படித்து நானே கேட்டுக்கொண்டிருப்பேன். போகட்டும்.

நானாக எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடம்தான் எழுத வைத்துவிட்டது.

பிளஸ் டூ வந்ததால் நம் ஊர்ப் பள்ளிக்கு லேப் வந்தது, லேப் வந்ததால் எனக்கு அட்டெண்டர் வேலை வந்தது, அதை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வா என்று நீங்கள் சொன்னதால் சண்டையும் வந்தது. அந்த வேலையில்தான் இப்போது ஒரு சிக்கல். தாவரவியல் எடுக்கும் செல்லம்மாள் டீச்சருக்கு அல்லித்தண்டும் வேலம்பாசியும் வேண்டும். விடிந்ததும் ஏரிக்குப் போய் அறுத்துக்கொண்டு அப்படியே பள்ளிக்கு வந்துவிடுவேன். அறுப்பது நீங்கள் செய்து கொண்டுவந்த மடக்குக் கத்தியால். இடுப்பில் செருகியிருப்பேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி லேபுக்குள் நுழையும்போது, நான் தண்டுக்கட்டின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். "பள்ளிக்கூடத்தில் கத்தியா? யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி சாருக்கு வியர்த்துவிட்டது. வாட்ச்மேன் முனியன் அண்ணன் வெளியே நின்று, "இன்னா பவளம், இடுப்புல கத்தி வச்சிக்கினு சுத்துறே, உன்னப் பாத்தா எனக்கே பயமா கீது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சார் நல்லவர். காஞ்சிபுரத்தில் தெரிந்த வக்கீலைக் கேட்டு வந்தார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் லைசென்ஸ் பேச்சாம். இது சின்னக் கத்தி, சட்டப்படி தப்பில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் என்பதால் எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறார். கடையில் வாங்கியிருந்தால் ரசீது காட்டலாம். இதற்கு ஏது ரசீது? செய்தவரே கைப்பட, என்ன அளவு, எதற்காகச் செய்தது என்று எழுதித் தர வேண்டுமாம். அதுவரை கத்தி சாருடைய பீரோவில் இருக்கும்.

எதற்காகச் செய்தீர்கள் என்று எனக்கும் தெரியாது. அதையும் எழுதுங்கள்.

ஏரியில் மதகடியில்தான் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஆனால் நேற்று விடியற்காலைக் கனவில் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் மதகின் மேல் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தீர்கள். சத்தமே இல்லை. தீட்டத் தீட்டத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், அத்தை எழுப்பிவிட்டார்கள்.

இப்படிக்கு,
பவளம்


குர்லா, பம்பாய்
25-7-1979

அன்புள்ள பவளத்துக்கு,

கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. சாரிடம் கொடு. தகடு மூன்றேகால் அங்குலம், அகலம் முக்கால் அங்குலம், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, பிடி எருமைக் கொம்பு, செய்தவன் வேதகிரி என்று எழுதியிருக்கிறேன். 'எதற்காக' என்ற இடத்தில் 'செடிகொடிகள் அறுக்க' என்று போட்டிருக்கிறேன். அது சாருக்கு.

உனக்கு வேறு. உனக்கு வேலை கிடைத்தது என்று கார்டு வந்த வாரமே அதைச் செய்ய ஆரம்பித்தேன். ஏரிக்குத் தனியாகப் போகிறவள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாமே என்றுதான். பட்டறை மூடிய பிறகு உட்கார்ந்து செய்வேன். பிடியை உன் கை அளவுக்குத் தேய்க்க மட்டும் நாலு நாள் ஆயிற்று. உன் கை அளவு எனக்கு ஞாபகத்தில் இருந்தது. அப்போதெல்லாம் எனக்கு உன் வேலைமேல் கோபம் இல்லை. ஊருக்கு வந்து, அந்த வேலையில் நீ எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய் என்று பார்த்த பிறகுதான் வந்தது.

இங்கே பத்து நாளாக விடாத மழை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தால் பட்டறை முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். லேத்துகளுக்கு நடுவே அல்லி பூத்திருக்கிறது. நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகிறாய். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடு. நீ சௌக்கியமா?

வேதகிரி


உத்திரமேரூர் வழி
8-8-1979

அன்புள்ள மாமாவுக்கு,

சௌக்கியம். கேட்டதற்கு ரொம்ப சந்தோஷம்.

காகிதம் வந்த அன்றைக்கே சார் ஸ்கேல் எடுத்துக் கத்தியை அளந்தார். மூன்றேகால், முக்கால், மயிரிழை பிசகவில்லை. "உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்" என்றார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

நீல மையில் ஒரு முழுத்தாள் அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார். பணி நிமித்தம் மடக்குக் கத்தி ஒன்று பள்ளிக்குள் வைத்துக்கொள்ளலாம். வகுப்பு நடக்கும்போது லேப் அலமாரியில் பூட்ட வேண்டும். என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது. தொலைந்தால் காரணத்தோடு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கீழே சீல் வேறு. நம் கல்யாணத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, கத்திக்கு இருக்கிறது பாருங்கள். அதை மணிபர்சில் மடித்து வைத்திருக்கிறேன்.

அத்தைதான் பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கத்தியை என்னிடம் கொடுத்ததையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "எம் புள்ளக்கி அது கூடவா தெரியாது? கத்தியப் போயி எவனாச்சும் கைக்குக் கை குடுப்பானா? கீழ வச்சிருந்தா நீ எடுத்துக்கினு இருப்பே. இப்பப் பாரு, உறவே அறுந்து கீது." லேபில் வேலை செய்கிறவள் இதை நம்பலாமா என்று டீச்சர் கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் டீச்சர் கத்தி கேட்டால் நான் மேஜைமேல்தான் வைக்கிறேன். டீச்சரும் மேஜைமேலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பஸ் கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோய்க் கையில் கொடுத்துவிட்டார் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுதானே?

பவளம்


குர்லா, பம்பாய்
3-10-1979

அன்புள்ள பவளத்துக்கு,

'அதுதானே?' என்று நீ கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. அது இல்லை.

தெரிந்துதான் கொடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான், ஆனாலும் நேரம் இருந்தது. பஸ் படியில் வைத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழவில்லை. பள்ளிக்கு நேரமாகிறதே என்று நிற்கிறவளாகத் தெரிந்தாய். அறுந்தால் அறுந்து போகட்டும் என்று நினைத்து உன் கையில் வைத்து அழுத்தினேன். அம்மா கத்தியதும் காதில் விழுந்தது.

மாகறல் தாண்டுவதற்குள் இறங்கிவிடலாம் போல் ஆகிவிட்டது. இறங்கவில்லை. பிறகு எழுத வெட்கம். அறுத்தவனே எந்த முகத்தோடு கடிதம் போடுவது?

பொய் சொல்லி அம்மாவைச் சமாளித்திருக்கிறாய். அந்தப் பொய் உன்னிடமும் இருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இதற்கு மேல் உன் இஷ்டம்.

வேதகிரி


உத்திரமேரூர் வழி
20-12-1979

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை.

இரண்டரை மாதமாக உங்கள்மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம். கத்தியை ஏரியில் எறிந்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனேன். இந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது. பனி இறங்கி அக்கரை தெரியவில்லை, தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அல்லி மட்டும் அங்கங்கே வெள்ளையாக மிதந்தது. நானும் மிதக்கிறேனோ என்று இருந்தது. கையை ஓங்கினேன். அப்போதுதான் சாருடைய காகிதம் ஞாபகம் வந்தது. தொலைந்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டுமே, என்ன காரணம் எழுதுவேன்? அப்படியே மதகில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு பத்துத் தண்டு அறுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

சிரித்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. நீங்கள் உண்மை எழுதினீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். கத்தி தானாக என் கைக்கு வரவில்லை. நான்தான் கையை நீட்டினேன். நீங்கள் குனிந்து கீழே வைப்பீர்களோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். வைத்தால் நானும் குனிய வேண்டும். குனிந்தால் அழுதுவிடுவேன், அழுதால் உங்கள் கூடவே பஸ் ஏறிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் முந்திக்கொண்டு நீட்டினேன். எனக்கும் அந்தச் சாங்கியம் தெரியும். ஆகவே அறுத்தது நீங்கள் ஒருவர் இல்லை.

வேலையை விட மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களையும் விட மாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அதை நான் ஒருத்தி முடிவு செய்ய முடியாதே.

பவளம்


குர்லா, பம்பாய்
30-1-1980

அன்புள்ள பவளத்துக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பு கிழிய ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 20, புதன்கிழமை வருகிறேன். அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் வந்து பஸ் பிடித்தால் மதியத்துக்குள் வீட்டில் இருப்பேன். லீவு பத்து நாள். டிக்கெட் வரும் வழிக்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன். வாலாஜாபாத் அரிசி மில்லில் மெக்கானிக் தேவைப்படுகிறதாம், அங்கே வேலை செய்யும் சின்னராசு எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தையும் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். போன தடவை அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

வேதகிரி


வீட்டில்
20-2-1980, காலை

என் மாமாவுக்கு,

வீட்டில் யாரும் இல்லையே என்று பார்க்காதீர்கள். அத்தையை நான்தான் திருப்புட்குழிக்கு அவர்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். இன்றைக்குப் பார்த்துப் பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை. முதல் வருஷம், வெளியூர் எக்ஸாமினர் வருகிறார், லீவு கேட்க வாய் வரவில்லை. எதிர்வீட்டுப் பாஞ்சாலி அக்காவிடம் சாவி வாங்கித்தானே உள்ளே வந்தீர்கள்? சோறு மூடி வைத்திருக்கிறேன், வத்தக்குழம்பு. கால் கழுவிச் சாப்பிடுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். தண்டெல்லாம் நேற்றே அறுத்து வைத்துவிட்டேன், இன்றைக்கு பிளேடு வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். அனுமதி கிடைத்த நாளிலிருந்து அதில்லாமல் பள்ளிக்குப் போவது இதுதான் முதல் தடவை. இடுப்பு காலியாக இருக்கிறது.

தரையில் வைத்திருக்கிறேன் மாமா. கையில் கொடுக்கவில்லை.

மனசு இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும். ஐந்து மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் இருக்கிறது. நான் வந்து எடுத்துக்கொண்டு நாளைக் காலை ஏரிக்குப் போவேன். உங்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

மனசு இருந்தால் குனிந்து எடுங்கள். எடுத்துக்கொண்டு நாலரை மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் முனியன் அண்ணன் உட்காரும் கல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் வையுங்கள். என் கையில் கொடுத்துவிடப் போகிறீர்கள், ஜாக்கிரதை. அவசரப்பட்டு உள்ளே வந்துவிடவும் வேண்டாம், கத்திக்கு அனுமதி என் பெயரில்தான் இருக்கிறது. வெளியிலேயே நில்லுங்கள்.

மணி அடித்ததும் நான் வருகிறேன்.

உங்கள்
பவளம்