சிவப்பு நகப்பூச்சும் ஐம்பத்தெட்டு கிலோவும்

மச்சான்,

இன்று காலை உன் மஞ்சள் காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே, பின்பக்க ஸ்வே பாரின் நட்டில், நீ போட்ட சிவப்புக் கோடு. உன் மனைவியான என் தங்கச்சியின் நகப்பூச்சைத் திருடிப் போட்டது. நட்டை முடுக்கியதும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவாய். கோடு விலகினால் நட்டு தளர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது, கோடு ஒரு நூல்கூட விலகவில்லை. ஸ்பானரை அதன்மேல் வைத்தேன், எடுத்துவிட்டேன். மேலே சீட்டில் உட்கார்ந்திருந்த உன் மகள், "மாமா, தூங்கிட்டீங்களா?" என்றாள்.

உன்னிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் உன் எண்பத்தைந்து கிலோவைப் பற்றிப் பேசாமல் என்னால் முடியாது. பொறுத்துக்கொள்.

இந்த இரண்டு கதவுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நீ வாங்கி வந்தபோது, பத்து காஜா ஊரில் நம் தாமான் குடியிருப்பே வந்து வேடிக்கை பார்த்தது. ஒரே வாரத்தில் உனக்குக் குறை தெரிந்துவிட்டது. "வளைவுல சாயுது லா" என்றாய். வெளிநாட்டிலிருந்து தடித்த ஸ்வே பார் ஒன்றை வரவழைத்தாய். என் கண்ணுக்கு அது வளைத்த இரும்புக் கம்பி. பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வளைவில் கார் ஒரு பக்கமாகச் சரியாமல் பார்த்துக்கொள்ளும். மாட்டுவது பெரிய காரியமில்லை. அதன் இரண்டு முனையிலும் உள்ள தண்டுகளின் நீளத்தைச் சரிசெய்வதில்தான் சூட்சுமம். காரை ஓட்டுபவரின் எடை சீட்டில் இருக்க வேண்டும். அந்த எடைக்குக் கார் எவ்வளவு அமுங்குகிறதோ, அந்த நிலையில் கம்பி முறுக்கில்லாமல் சும்மா கிடக்க வேண்டும். எடை தப்பினால் ஒரு பக்க வளைவில் சாதுவாகப் போகும் கார், மறுபக்க வளைவில் முரண்டு பிடிக்கும்.

ஓட்டுபவன் நீ. வயிற்றை எக்கிக்கொண்டு அடியில் நுழைபவனும் நீயேதான், ஏனென்றால் உன் ஸ்பானரை வேறொருவர் தொட்டால் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் சீட்டில் என்னை உட்கார வைத்தாய்.

"நீ எவ்வளவு மச்சான்?"

"ஐம்பத்தெட்டு."

"நிச்சயமா?"

"கல்யாணத்துலேருந்து பெல்ட்ல அதே ஓட்டைதான்."

"நான் எண்பத்தஞ்சு. இன்னும் இருபத்தேழு வேணும்."

பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு, ஐந்து கிலோ கோதுமை மாவு, இரண்டு கிலோ சீனி. அத்தனையும் என் மடியில். எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "நான் என்ன கோழியா?" என்றாய். தங்கச்சி வாசலுக்கு வந்து, "அண்ணே, அந்தச் சீனிய குடுத்தீங்கன்னா டீ போடுவேன்" என்றாள். நான் கையை நீட்டினேன். அடியிலிருந்து, "ஆடாத!" என்று ஒரு அலறல். அன்று தேநீர் கிடைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தக் கார் வலது வளைவில் முரண்டு பிடித்தது. ரப்பர் புஷ்ஷை மாற்றினாய், டயரை மாற்றினாய், ரோடு போட்டவனைத் திட்டினாய். உன் இடுப்பைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. நம் நட்பில் அவ்வளவு தைரியம் கிடையாது.

கடைசியில் மாரியாத்தாதான் கேட்டாள். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் எடைக்கு எடை சீனி கொடுப்பதாக நீ வேண்டியிருந்தாய். இடம் கிடைத்தது. சுங்காய் பக்கம் நாம் பிறந்த தோட்டத்தில் தொழிலாளர் லயங்களை இடித்துச் செம்பனை போட்ட பிறகும் மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறதே, அங்கே துலாபாரம். எண்ணி எண்பத்தைந்து ஒரு கிலோ பாக்கெட் சீனியோடு வந்தாய். வெற்றுடம்பும் வேட்டியுமாகத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். எண்பத்தைந்தையும் எதிர்த்தட்டில் அடுக்கினார்கள். நீ தரையிலேயே இருந்தாய்.

"இன்னும் போடுங்க" என்றார் பூசாரி. இன்னும் ஏது?

"தராசு பழசு லா" என்றாய்.

"புதுசு அண்ணே. போன மாசம்தான் மாட்டினோம்" என்றார் கோயில் தலைவர்.

மோட்டார் சைக்கிளில் கடைக்கு ஓடியவன் நான்தான். நான் திரும்பி வரும்வரை நீ இறங்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். நூற்று நாலாவது பாக்கெட்டில்தான் நீ தரையை விட்டு எழும்பினாய். கூட்டம் கை தட்டியது. "சாமிகிட்டயே குறைச்சுச் சொல்லியிருக்கீங்களே" என்றார் பூசாரி. இந்தக் கதையை நான் ஈப்போ முழுக்கச் சொல்லியிருக்கிறேன், மச்சான். உன் கருமாதி அன்றுகூடச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த தங்கச்சியே சிரித்துவிட்டாள்.

மறுநாளே மறுபடியும் சரிசெய்தோம். நான் ஐம்பத்தெட்டு, மேலே நாற்பத்தாறு. அரிசி மூட்டைகளுக்கு நடுவே மூச்சு விட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ நட்டை முடுக்கி, அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்தாய்.

ஒரு வாரம் கழித்து வந்து, "இப்ப இடது வளைவுல இழுக்குது" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எடை சரியாயிடுச்சு. இனிமே காரைக் குறை சொல்லாத, உன் கையைச் சொல்லு" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதுதான். தாப்பாவிலிருந்து மலை ஏறும் சாலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஓட்டிப்போய் வருவது உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து அதை நிறுத்திவிட்டாய். "கை போச்சு மச்சான். வயசாச்சு லா" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். காருக்கு உறை போட்டாய். வாரம் ஒருமுறை போர்ச்சிலேயே ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைத்துவிடுவாய். நான் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் மகள் அதை எடுத்து ஓட்டுகிறாள். அப்பா போன மலைச் சாலையில் ஒரு தடவை போக வேண்டும், மாமாவும் கூட வர வேண்டும் என்கிறாள். உன் எடைக்கு வைத்த கம்பி அவளுக்கு ஆகாது. அதனால் இன்று எடை பார்க்கும் மிஷினோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். "அறுபத்தொன்னு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். உன் இரத்தம் என்று நம்பவே முடியவில்லை.

"நீங்களும் ஏறுங்க மாமா. பக்கத்து சீட்டுல வாரீங்கல்ல, உங்க எடைக்கு அரிசி வைக்கணும்."

"எனக்கு எதுக்கு? ஐம்பத்தெட்டு. பெல்ட்..."

"ஏறுங்க மாமா."

ஏறினேன். அறுபத்தேழு.

"தராசு பழசு" என்றேன்.

"புதுசு மாமா. நேத்துதான் வாங்கினேன்."

பெல்ட் அதே பெல்ட், ஓட்டை அதே ஓட்டை. அன்றும் நான் அறுபத்தேழுதான். நீயாவது கண்ணாடி பார்த்துப் பொய் சொன்னாய், நான் பெல்ட்டைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். முதல் தடவை நாம் வைத்த எடையில் பத்துக் கிலோ குறை. இரண்டாம் தடவை ஒன்பது கிலோ கூடுதல். அதனால்தான் இழுப்பு வலதிலிருந்து இடதுக்குத் தாவியது. நீ சரியாகத்தான் சொன்னாய், நான்தான் சிரித்தேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் காரின் அடியில் படுத்திருந்தேன். மேலே டிரைவர் சீட்டில் உன் மகள். பக்கத்தில் எனக்குப் பதிலாக ஆறு அரிசிப் பை, ஐந்து கிலோ மாவு, இரண்டு கிலோ சீனி. தங்கச்சி வாசலில் நின்று, "அண்ணே, சீனி..." என்று ஆரம்பித்தாள். "ஆடாத!" என்று கத்தினேன். உன் குரல் மாதிரியே வந்தது. கண் நிறைந்துவிட்டது. ஸ்பானரை அழுத்தினேன். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்தது.

மத்தியானம் மலை ஏறினோம். முதல் பெரிய இடது வளைவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் அலுங்காமல் வளைந்து போய்விட்டது. "ஒன்னும் இழுக்கல மாமா" என்றாள். அடுத்த இடதிலும் இழுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் எடையை இனி யார் கேட்டாலும் அறுபத்தேழு என்றுதான் சொல்லப்போகிறேன். கேட்காதவர்களிடமும் துலாபாரக் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்வேன். உன்னிடம்தான் நேரத்தோடு சொல்ல முடியாமல் போய்விட்டது.

உன் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை, மச்சான்.