டாக்டர் சொன்னதில் நான் விட்டது

மார்ச் 14, வெள்ளி

இன்னைக்கு மாமியாரைக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கட்டி ஏதோ வளர்ச்சிக் காரணியைச் சுரக்குதாம். நோயோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள் அதனால் மாறிப்போய், கட்டி வளரவே உதவுதாம். அதைத் தடுக்க ஊசி இருக்கு. 'சமஹரவிட', அதாவது சில வேளை, வேலை செய்யும், செய்யாமலும் போகலாம் என்றார்.

"அப்ப என் ஒடம்பே அதுக்கு ஒத்தாசையா?" என்றாங்க அத்தை.

அந்த முகத்தைப் பார்த்து ஆமான்னு சொல்ல எனக்கு மனசு வரல. "இல்லைங்க அத்தை, அணுக்கள் சோர்ந்து போயிருக்கு. ஊசி போட்டா சரியாயிடும்" என்றேன். உடனே ஊசிக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாங்க.

வீட்டுக்குத் திரும்பும் ஹட்டன் பஸ்ஸில் மனசு கேட்காமல், நான் சொல்லாம விட்ட 'சமஹரவிட'வையும் சேர்த்து உண்மையைச் சொல்லிட்டேன்.

"தெரியும். முப்பது வருஷம் தோட்டத்துல, வேலையை மேற்பார்க்குற சிங்களக் கண்டாக்கு ஐயாவுக்குக் கீழ தேயிலைக் கொழுந்து எடுத்தவ நான். சமஹரவிட எனக்குப் புரியாதா?"

"அப்பறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"டாக்டரை நம்பிப் போட்டேன். உன்னை நம்பி இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டாங்க, தட்டைக் கழுவி வச்சுட்டுப் படுத்துட்டாங்க.

திங்கட்கிழமை முதல் ஊசி. கூட யார் வரணும்னு அத்தை இன்னும் சொல்லல.