சுகந்தி எழுதிக்கொண்ட வாக்கியம்

செவ்வாய்க்கிழமை. மாலையிலிருந்து மழை.

ஏழாம் வகுப்பில், "உன் அம்மா எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அட் வேர்க்" என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். அந்நேரம் அம்மாக்கள் மலையில் கொழுந்து பறிப்பார்கள். சுகந்தி, "ஹொஸ்பிட்டல்" என்றாள். "இன் ஹொஸ்பிட்டல்" என்று திருத்தினேன். எந்தச் சொல்லுக்கு முன்னால் 'அட்', எதற்கு முன்னால் 'இன்' என்பதற்குக் காரணமில்லை, பழக்கம்தான் என்று சொல்லி, வழக்கம்போல வகுப்பையே மூன்று தடவை சொல்ல வைத்தேன். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். அவளும் சேர்ந்து சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி அடித்ததும் மேசையருகே வந்தாள். "டீச்சர், அம்மா வீட்டுக்கு வந்துட்டா எப்படிங்க சொல்றது?"

"அட் ஹோம்."

கொப்பியில் எழுதிக்கொண்டு சிரித்தாள். "நாளைக்குக் கூட்டிட்டு வர்றாங்க டீச்சர். என்னையவே கேளுங்க."

றக்வானை பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அப்பாவைக் கண்டேன். குணமாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இனி வச்சிருந்து பிரயோசனம் இல்லன்னு டிக்கட் வெட்டி அனுப்புறாங்க டீச்சர். வீட்டுலயே பாத்துக்கச் சொல்றாங்க. புள்ளைக்கு இன்னும் சொல்லல."

நாளை இரண்டாம் பாடம். அவள்தான் முதலில் கையைத் தூக்கி, "அட் ஹோம்" என்பாள். சரி என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.