யோ. கிறிஸ். ராடேமன்

அக்டோபர் 9, திங்கள்

ஹார்ஸ் மலைப்பக்கம் மூடுபனி. ஜெர்மன் அறிவொளிக்கால அறிஞர்களின் வாழ்க்கைக் களஞ்சியத்துக்கு எங்கள் ஊர் ராடேமன் பற்றிய கட்டுரையைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. துறைத்தலைவர் ஓலண்டோர்ஃப் சொன்னது: “தேதியை மட்டும் பார்த்துடுங்க, முனைவரம்மா. மத்ததெல்லாம் நான் ஆயுசு பூரா பார்த்ததுதான்.”

தேதி மட்டும். சரி.

அக்டோபர் 12

ராடேமனின் ஒரு நூலிலும் முழுப்பெயர் இல்லை. முகப்புகளில் எல்லாம் ‘யோ. கிறிஸ்.’ என்றே இருக்கிறது. அதை யோஹான் கிறிஸ்டியான் என்று விரித்தது யார்? சந்தைத் திடலில் அவர் சிலையில் இருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை. பலகையைப் பார்த்து ஓலண்டோர்ஃபின் புத்தகம்.

அக்டோபர் 17

தேவாலய அலுவலகத்தில் ஹைக்கே பழைய ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துக் கொடுத்தாள். மாணவிகளாக ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் இங்கே ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் முதற்பெயர் யோஹான்தான். வீட்டில் கூப்பிடுவது இரண்டாம் பெயரைச் சொல்லி. ராடேமன் வீட்டில் இருவர்: கிறிஸ்டியான், 1738. கிறிஸ்டோஃப், 1741.

“ரெண்டு பேருக்கும் ஒரே சுருக்கமாடி? தபால்காரன் பாடு திண்டாட்டந்தான்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 24

நகரமன்ற உறுப்பினரான அண்ணன் கிறிஸ்டியான் 1803 வரை உயிரோடு இருந்தார். ஆனால் கடைசி நூல் 1789இல். அதன்பிறகு ஒரு வரிகூட இல்லை — ஏன்?

தம்பி இறந்தது 1789இல், பித்தர் விடுதியில். பூட்டிய அறையில் இருபது வருடம். அடக்கப் பதிவில் போதகர் எழுதியிருக்கிறார்: “தமையனார் கூற்றுப்படி புத்தி பேதலித்தவர். தமையனார் அச்சிட்ட நூல்களை எல்லாம் எழுதியவர்.”

தமையனார் கூற்றுப்படி.

அக்டோபர் 26

ஓலண்டோர்ஃபிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“நல்லாத் தூங்குறீங்களா? கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கே.”

பதிவின் நகலைக் காட்டினேன்.

“பார்த்தேம்மா. வேற யாருக்குத் தெரியும்?”

“ஹைக்கேவுக்கு மட்டும்.”

“நல்லது. எழுதினதை எங்கிட்டக் குடுத்துட்டுக் கொஞ்சம் ஓய்வெடுங்க.”

கொடுத்துவிட்டேன். சிலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுதியவனின் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 2

அலுவலக உதவியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்போ எப்படி இருக்கு?” என்றாள்.

எது எப்படி இருக்கு?

நவம்பர் 6

உணவகத்தில் நான் உட்கார்ந்ததும் மேசையில் பேச்சு நின்றது. மாலையில் ஹைக்கே தொலைபேசியில்: “ஓலண்டோர்ஃப் வந்திருந்தாருடி. உன்மேல என்ன அக்கறை அந்த மனுஷனுக்கு! நீ தனியாப் பேசிக்கிறியாமே?”

“என்கூட ஒரே அறையில இருந்தவ நீ. நீயே சொல்லு.”

“நீ மத்தவங்ககிட்டயே பேச மாட்டே!” சிரித்தாள். பிறகு, குரலை இறக்கி: “ஆனா இளைச்சுத்தான் போயிட்டே.”

கண்ணாடியில் பார்த்தேன். இளைத்திருக்கிறேனா? இதை ஏன் பார்க்கிறேன்?

நவம்பர் 15

துறையில் என் அறைக்கு வேறு பூட்டு. பழையது பழுதாம்.

டிசம்பர் 4

சம்பளத்துடன் விடுப்பு. நான் கேட்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால், குரலை உயர்த்தினேன் என்பார்கள். உயர்த்தாவிட்டால், பார் எப்படி அடங்கிப்போய்விட்டாள் என்பார்கள்.

பிப்ரவரி 19

களஞ்சியம் வெளிவந்துவிட்டது. பட்டாணி சூப்போடு ஹைக்கே கொண்டுவந்தாள்.

‘ராடேமன், யோஹான் கிறிஸ்டோஃப், 1741–1789.’ எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். விடுதி, பூட்டிய அறை, தமையனார் கூற்று — எல்லாம் என் வாக்கியங்கள். ஒரு பிழை இல்லை. முடிவில் ஆசிரியர் பெயர்: ஓலண்டோர்ஃப்.

“பேரு சரியா வந்துடுச்சில்ல? நீ கேட்டது அதானே. இனியாவது நிம்மதியா இருடி. சூப் ஆறுது பாரு.”

ஆமாம், கேட்டது அதுதான்.

அவள் போனபின் தபால் வந்தது. மருத்துவரின் பரிந்துரைப்படி என் விடுப்பு நீட்டிக்கப்படுகிறது.

நான் எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை.